மூன்று கம்பெனி பயாஸுக்கும் ஒரே பென்டிரைவ்

வெள்ளகோவிலில் எண்ணெய் ஆலை, தறிப்பட்டறை, எடைமேடை என்று எந்த ஆபீஸுக்குள் நுழைந்தாலும், மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஏதோ ஒரு பெருநகரக் கம்பெனியில் உழைத்து ஓய்வு பெற்று, துடைத்து, ஸ்டிக்கர் மாற்றி வந்ததாக இருக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் இந்த மூன்றில் ஒன்று. எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனிகளுக்காகக் கட்டிய பெட்டிகள் என்பதால் தூசியையும் சூட்டையும் தாங்குகின்றன. ஆனால் பழைய முதலாளி என்னென்ன செட்டிங் வைத்திருந்தாரோ, அதே பழக்கத்தோடுதான் அவை இங்கே வந்து சேர்கின்றன.

கோவை–திருச்சி சாலையோரம் எடைமேடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, கரண்ட் போயிட்டு வந்தா கேமரா எந்திரிக்குது, எடை காட்டுற டப்பா எந்திரிக்குது, இது மட்டும் எந்திரிக்க மாட்டேங்குதுங்களே? பையன் வந்து பட்டனை அமுக்குற வரைக்கும் தேங்காப்பருப்பு லோடு வெளியவே நிக்குது."

"அது ஒரு செட்டிங்ணா, பயாஸுக்குள்ள இருக்கும்" என்றேன்.

"அப்ப எல்லாப் பெட்டிக்கும் அதப் பண்ணி உடுங்க."

எல்லாப் பெட்டிக்கும் என்பதில்தான் வேலையே இருக்கிறது. டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 தட்டி உள்ளே போக வேண்டும். ஒரே விஷயத்தை டெல் 'ஏசி ரிகவரி' என்று வைத்திருக்கும். மற்ற இரண்டும் 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்று வைத்திருக்கும். அது எந்தப் பக்கத்தில், எந்தத் தலைப்புக்குள் இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். கம்பெனிகளே இதற்கு விண்டோஸ் கருவிகளைத் தருகின்றன. டெல்லுக்கு டெல் கமாண்ட் கான்ஃபிகர், ஹெச்பிக்கு பயாஸ் கான்ஃபிகரேஷன் யுட்டிலிட்டி. அவை நல்ல கருவிகள்தான். ஹெச்பியுடையது எல்லா செட்டிங்கையும் ஓர் எழுத்துக் கோப்பாகக் கொட்டி, இப்போது நடப்பில் இருக்கும் மதிப்புக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டுத் தருவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் ஒன்றின் கோப்பு இன்னொன்றுக்கு ஆகாது, ஒன்றின் கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது.

ஆகவே நான் எடுத்துப் பார்த்தது எஃப்டபிள்யூஅப்டி. வாயில் நுழையாத பெயர்; லினக்ஸ்காரர்கள் வைத்தால் இப்படித்தான் வைப்பார்கள். ரெட் ஹாட் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய திறமூலக் கருவி இது. லினக்ஸிலிருந்தே பயாஸை அப்டேட் செய்வதற்காக வந்தது. அந்த வேலையை 2015 முதலே செய்கிறது. பயாஸ் செட்டிங்குகளைப் படிக்கவும் மாற்றவும் வசதி வந்தது 2022-இல், 1.8.4 பதிப்பில். அதைக் கொண்டு வந்ததில் முக்கியப் பங்கு மாரியோ லிமோன்சியெல்லோவுடையது. அவர் முன்பு டெல்லில் இருந்தவர், பிறகு ஏஎம்டிக்குப் போனவர்.

கருவி மட்டும் இருந்தால் போதாது, அடியில் லினக்ஸ் கெர்னலும் ஒத்துழைக்க வேண்டும். அந்த ஒத்துழைப்பு தவணை முறையில் வந்தது. 2021 தொடக்கத்தில் 5.11 கெர்னலில் டெல்லுக்கு. அதே ஆண்டு 5.14-இல் லெனோவோவுக்கு, ஹெச்பிக்கு 2023 அக்டோபரில் வந்த 6.6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் 'உபுண்டு 22.04 இருக்கிறதே, அதில் செய்யலாமா' என்று கேட்டால், வேண்டாம். அதில் வரும் எஃப்டபிள்யூஅப்டி 1.7 வரிசை, செட்டிங் பக்கமே அதற்குத் தெரியாது. 24.04 வெளிவந்தபோதே 6.8 கெர்னலும் 1.9 வரிசையும் இருந்தன. மூன்று கம்பெனிகளும் ஒரே இடத்தில் கைக்குச் சிக்கியது அங்கேதான்.

எடைமேடை மென்பொருள் விண்டோஸில் ஓடுகிறது, டேலியும் விண்டோஸில்தான். அதைக் கலைத்துவிட்டு யாரும் லினக்ஸ் போடப் போவதில்லை, போடவும் தேவையில்லை. உபுண்டு 24.04-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, 'ட்ரை உபுண்டு' என்று தேர்ந்தெடுத்தால் வட்டில் ஒரு எழுத்தும் மாறாது. டெர்மினலைத் திறந்து 'எஃப்டபிள்யூஅப்டி-மேனேஜர் கெட்-பயாஸ்-செட்டிங்ஸ்' கட்டளையை நிர்வாகி உரிமையோடு கொடுத்தால் போதும். சாதாரண உரிமையில் கொடுத்தால் பட்டியல் வரும், நடப்பு மதிப்பு வராது. இது கோளாறு அல்ல. அந்த மதிப்புகளைப் படிக்கக் கெர்னலே நிர்வாகியை மட்டும்தான் அனுமதிக்கிறது.

நண்பரின் ஆப்டிபிளெக்ஸ் 3060-இல் பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. ஒவ்வொரு செட்டிங்குக்கும் பெயர், வகை, இப்போதைய மதிப்பு, என்னென்ன மதிப்பு கொடுக்கலாம், மாற்ற முடியுமா முடியாதா என்பது வரை இருக்கிறது. எஃப்2 பக்கங்களில் கால்வாசி விளக்கம்கூட இவ்வளவு நேராக இருக்காது. அழகு என்று சொல்ல மாட்டேன். ஜன்னலும் பட்டனும் கிடையாது, வெறும் கட்டளை வரி. டெல் கொடுத்திருக்கும் பெயர்களோ உயிரெழுத்துகளைப் பிடுங்கி எறிந்த மாதிரி இருக்கும்: 'ஏசி பவர் ரிகவரி' என்பதை 'ஏசிபிடபிள்யூஆர்ஆர்சிவிஆர்ஒய்' என்று படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து அறையில் கணக்கு எழுதும் திங்க்சென்டரில் அதே கட்டளை, அதே வடிவில் பட்டியல். பெயர்கள் மட்டும் லெனோவோவின் பாணியில். இரண்டு வேறு கம்பெனிப் பெட்டிகள், ஒரு பென்டிரைவ், ஒரே கட்டளை. காசு கொடுத்து வாங்கும் கருவிகளிலும் இந்த வசதி அபூர்வம்.

மாற்றுவதும் அதே எளிமைதான். 'செட்-பயாஸ்-செட்டிங்', பிறகு பெயர், பிறகு மதிப்பு. மறுதொடக்கம் வேண்டும் என்று கருவி சொல்லும், செய்தால் முடிந்தது. தப்பான மதிப்பைக் கொடுத்தால் மறுத்துவிடும்.

என்ன மதிப்பு கொடுப்பது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மூன்று தேர்வுகள் உண்டு: அணைந்தே இரு, எழுந்திரு, முன்பு எப்படி இருந்தாயோ அப்படி இரு. மூன்றாவதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். இரவு ஷட் டவுன் செய்துவிட்டு மெயினை அணைத்துப் போனால் காலையில் தூங்கியபடியே இருக்கும். வேலை நடக்கும்போது கரண்ட் போனால் வந்ததும் எழும். கணக்கு அறைக்கு இது சரி. எடைமேடைக்குச் சரிப்படாது, காரணம் யுபிஎஸ். பேட்டரி தீரப் போகிறது என்றதும் யுபிஎஸ் மென்பொருள் விண்டோஸை முறைப்படி ஷட் டவுன் செய்கிறது. பயாஸ் பார்வையில் கடைசி நிலை 'அணைந்தது'. கரண்ட் திரும்பி வந்தாலும் அது எழாது, ஏனென்றால் சொன்னபடிதான் நடக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில் எந்த யுபிஎஸ்ஸும் தாங்காது. அன்றைக்கு இந்தத் தகராறு நிச்சயம். ஆகவே யுபிஎஸ் மென்பொருள் இருக்கும் பெட்டிக்கு 'எழுந்திரு' என்பதைத்தான் வைக்க வேண்டும். நடுச்சாமத்தில் கரண்ட் வந்து கம்ப்யூட்டர் தனியாக ஓடினால் ஓடட்டும்.

சீரியல் போர்ட் இன்னொரு விஷயம். எடை காட்டும் டப்பா கம்ப்யூட்டருக்கு எடையைச் சொல்வது பழைய ஆர்எஸ்-232 கேபிள் வழியாக. மென்பொருளில் 'காம்1' என்று ஒருமுறை பதிந்து வைத்திருப்பார்கள். சர்வீஸுக்கு வந்த பையன் பயாஸில் 'லோட் டிஃபால்ட்ஸ்' அழுத்திவிட்டுப் போனாலோ, மதர்போர்டு மாற்றினாலோ போர்ட் வேறு எண்ணுக்குப் போய்விடலாம், அல்லது அணைந்தே போகலாம். திரையில் எடை பூஜ்யமாகவே நிற்கும். மேடையைப் பிரித்து லோட் செல்லைத் தேடுவார்கள். அப்போது கையில் பழைய பட்டியல் இருந்தால், புதிய பட்டியலோடு ஒப்பிட்டு மாறிய வரியைக் கண்ணால் பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் பெரிய லாபம் மாற்றுவதில் இல்லை, எழுதி வைப்பதில் இருக்கிறது. வேலை ஒழுங்காக நடக்கும் நாளில் ஒரு பட்டியல் எடுத்து, பெட்டியின் சர்வீஸ் எண்ணைப் பெயராகக் கொடுத்து வைத்துவிட வேண்டும். ஒரு விஷயம்: 'ட்ரை உபுண்டு' முறையில் டெஸ்க்டாப்பில் சேமித்தது பெட்டியை அணைத்ததும் போய்விடும், கோப்பை இன்னொரு பென்டிரைவுக்கு நகலெடுக்க வேண்டும்.

வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டும் என்பவர்கள் வேக்-ஆன்-லேனை மட்டும் இயக்கிவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்பார்கள். டெல்லில் 'டீப் ஸ்லீப் கன்ட்ரோல்' என்று இன்னொன்று இருக்கிறது. அது இயங்கினால் பெட்டி அணைந்ததும் நெட்வொர்க் கார்டுக்குப் போகும் மின்சாரமே நின்றுவிடும். ஹெச்பியில் அதே வேலையைச் செய்வது 'எஸ்5 மேக்சிமம் பவர் சேவிங்ஸ்'. வேக்-ஆன்-லேனையும் இதையும் சேர்த்து மாற்றினால்தான் எழும். பயாஸ் பக்கங்களில் இவை தனித்தனி மூலையில் கிடக்கும். பட்டியலாக வந்தபோது பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

லினக்ஸே நிறுவியிருக்கும் ஆபீஸ்களுக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். வேண்டிய செட்டிங் பெயர்களையும் மதிப்புகளையும் சின்னக் கோப்பாக எழுதி, 'பயாஸ்-செட்டிங்ஸ்.டி' என்ற ஃபோல்டரில் போட்டு வைத்தால், சேவை தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து, மாறியிருந்தால் திரும்ப வைத்து, மறுதொடக்கம் தேவை என்று குறித்துவிடும். பள்ளி லேபுகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. முழுப் பட்டியலையும் தூக்கி அப்படியே வேறு மாடலில் கொட்டக் கூடாது. தேவையான நாலைந்தை மட்டும் எழுதுவது உத்தமம்.

இனி, சேராத பெட்டிகள். நண்பரிடம் மூன்றாவதாக ஓர் ஆப்டிபிளெக்ஸ் 3020 இருக்கிறது, இன்டெல் நான்காம் தலைமுறை. அதில் அதே பென்டிரைவ், அதே கட்டளை, பட்டியல் வரவில்லை. வரவும் வராது. கெர்னலில் இருக்கும் டெல் பகுதியும் ஹெச்பி பகுதியும் 2018-க்குப் பிந்தைய இயந்திரங்களுக்கானவை என்று அவற்றின் குறிப்பே சொல்கிறது. லெனோவோவில் திங்க்பேட், திங்க்சென்டர், திங்க்ஸ்டேஷன் என்ற திங்க் குடும்பத்துக்கு மட்டும். ஐடியாபேட் வைத்திருப்பவர்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். கடையில் தனித்தனியாக மதர்போர்டு, ரேம் வாங்கிச் சேர்த்த அசெம்பிள்டு பெட்டிகளுக்கும் இடமில்லை.

இந்த 2018 கோடு இன்னொரு கோட்டோடு ஏறக்குறைய ஒட்டிப் போகிறது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0-ம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2025 அக்டோபர் 14. ஆக, பழைய பெட்டி வாங்கப் போகிறவர் 'எட்டாம் தலைமுறையா' என்று ஒரு கேள்வி கேட்டால் இரண்டு காரியமும் சேர்ந்து முடிகிறது. ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் இப்போது மலிவாக வருகின்றன என்றால் காரணம் இதுதான். மலிவு என்பதற்காக எடைமேடைக்கு வாங்கிப் போட வேண்டாம்.

ஏற்கெனவே இருக்கும் 3020-க்கு என்ன வழி? எஃப்2 தட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைப்பது. சிரிக்க வேண்டாம், அதுவே போதும். அந்த வயசுப் பெட்டிகளில் கூடவே சீமாஸ் பேட்டரியையும் மாற்றிவிட வேண்டும். சிஆர்2032, சில பத்து ரூபாய். அது தீர்ந்த பெட்டி, கரண்ட் போய் வந்ததும் நேரம் தெரியவில்லை என்று செய்தி காட்டி நிற்கும். தேதி பழைய வருஷத்துக்குப் போய்விட்டால் பிரவுசர் எந்தத் தளத்தின் சான்றிதழையும் நம்பாது. ஈ-வே பில் போடும் பக்கம் திறக்காது. லோடு வண்டி நிற்கும், எல்லோரும் இன்டர்நெட்டைத் திட்டுவார்கள். எந்த மென்பொருளும் இதைத் தீர்க்காது.

கை வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை சில. விண்டோஸில் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். செக்யூர் பூட், டிபிஎம், பூட் வரிசை ஆகியவற்றைத் தொட்டால் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது எங்கே எழுதி வைத்திருக்கிறது என்று தெரியாமல் தொடவே கூடாது. இப்போதைய விண்டோஸ் 11 பல பெட்டிகளில் கேட்காமலே குறியாக்கத்தை இயக்கிவிடுகிறது என்பதால் 'நாங்க பிட்லாக்கரே போடலைங்க' என்ற பதிலை நம்ப வேண்டாம். சாட்டா முறையையும் விட்டுவிட வேண்டும்: 'ரெய்டு' என்று இருப்பதை 'ஏஹெச்சிஐ' ஆக்கினால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். ஏசி ரிகவரி, சீரியல் போர்ட், டீப் ஸ்லீப் இவற்றுக்கெல்லாம் இந்தப் பயம் இல்லை.

பயாஸ் பாஸ்வேர்டு பெரிய தலைவலி. பழைய கம்பெனி போட்டுவிட்டு மறந்த நிர்வாகிப் பாஸ்வேர்டு இருந்தால் எந்தக் கருவியாலும் ஒன்றையும் மாற்ற முடியாது. அதற்காகத்தான் அந்தப் பாஸ்வேர்டே. பழைய பெட்டி வாங்கும்போது காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே பயாஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க' என்பார்கள். நீக்கிக் கொடுங்கள், பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம். அதோடு, திருட்டைக் கண்காணிக்கும் 'ஆப்சல்யூட்' சேவை இயக்கத்தில் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

எஃப்டபிள்யூஅப்டியின் அடுத்த பெரிய மாற்றம் 2024 அக்டோபரில் வந்த 2.0 வரிசை. செட்டிங் மாற்றும் கட்டளைகள் அப்படியேதான் இருக்கின்றன. இந்த வரிசையில் நமக்கு உதவப் போவது வேறொன்று: செக்யூர் பூட் சான்றிதழ்களைப் புதுப்பிக்கும் வசதி. பெரும்பாலான பெட்டிகளுக்குள் மைக்ரோசாஃப்ட் 2011-இல் வெளியிட்ட சான்றிதழ்கள் இருக்கின்றன. அவற்றில் சில 2026 ஜூனில் காலாவதி, விண்டோஸை பூட் செய்ய உதவுவது அதே ஆண்டு அக்டோபரில். காலாவதி அன்று கம்ப்யூட்டர் நின்றுவிடாது. இதைச் சொல்லிப் பயமுறுத்திப் புதுப் பெட்டி விற்க வருபவரை நம்ப வேண்டாம். ஓடிக்கொண்டிருப்பது ஓடும். பூட் பகுதிக்கான புதிய பாதுகாப்பு அப்டேட்டுகள்தான் வராமல் போகும். விண்டோஸ் பெட்டிகளுக்கு 2023 சான்றிதழ்களை விண்டோஸ் அப்டேட்டே கொண்டு வருகிறது. லினக்ஸ் பெட்டிகளுக்கு எஃப்டபிள்யூஅப்டி 2.0 கொண்டு வரும். ஆனால் அதில் ஒரு பகுதிக்குப் பெட்டி செய்த கம்பெனியே கையொப்பம் போட்டுத் தர வேண்டும். கம்பெனி கைவிட்ட மாடலுக்கு அது கிடைக்காமலும் போகலாம்.

நமது பென்டிரைவுக்கும் இதில் பங்கு உண்டு. உபுண்டு மாதிரி லினக்ஸ்கள் செக்யூர் பூட்டைத் தாண்டி ஏறுவது மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தால்தான். இனி வரும் புதிய லினக்ஸ்கள் 2023 சான்றிதழின் கையொப்பத்தை மட்டும் சுமந்து வந்தால், 2011 சான்றிதழோடு நின்றுபோன பெட்டி அவற்றை உள்ளே விடாது. 24.04-இன் ஐஎஸ்ஓ கோப்பு கையில் இருப்பவர்கள் புதுப் பதிப்பு வந்துவிட்டதென்று அதை அழித்துவிட வேண்டாம்.